வலையை அறுத்த பிறகு: காயம்பட்ட சாரைப்பாம்பு ஒன்றின் சிகிச்சை

காய்கறிப் பாத்தியைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் வலையில் சிக்கிய சாரைப்பாம்பு ஒன்று எங்கள் வனவிலங்கு சிகிச்சை மையத்துக்கு வந்தது. முழு வளர்ச்சி அடைந்த ஆண். மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை 130 செ.மீ., வாலோடு சேர்த்து 176 செ.மீ., எடை 820 கிராம். வலைக்காயங்கள் எங்களுக்குப் புதிதல்ல. இதை முழுமையாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. பாம்பு வந்த அன்று நாங்கள் பார்த்த காயம் ஒன்று, ஒரு வாரம் கழித்துப் பார்த்த காயம் வேறொன்று. வலையை அறுத்துவிட்டு, பாம்பு வேகமாக ஊர்ந்து போவதைப் பார்த்து நிம்மதி அடைவது நல்ல மனது உள்ளவர்கள் செய்கிற காரியம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வலையில் கிடந்த நிலை

"நல்ல பாம்புங்க, வலையில மாட்டிக்கிட்டு ஒரே சீறல். கிட்டப் போக முடியல" என்றுதான் தொலைபேசியில் தகவல் வந்தது. பாம்பை இழுக்க வேண்டாம், வலையை அசைக்க வேண்டாம், தள்ளி நின்று நீளக் கழியால் ஒரு சாக்கைப் பாம்பின் மேல் நிழலாகப் போடுங்கள், நாயையும் குழந்தைகளையும் உள்ளே விடாதீர்கள் என்று சொன்னோம். நிழல்தான் முதல் உதவி. பாம்பால் தன் உடல் சூட்டைத் தானே குறைத்துக்கொள்ள முடியாது, இடம் மாறித்தான் குறைத்துக்கொள்ளும். கட்டுண்டு வெயிலில் கிடந்தால் காயம் கொல்வதற்கு முன்பே சூடு கொன்றுவிடும்.

போய்ப் பார்த்தபோது அது சாரை. மிரண்டால் சாரையும் உரக்கச் சீறும், தொண்டையை உப்பவைத்து உறுமும், அதனால் நல்ல பாம்பு என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். நல்ல பாம்பு கழுத்தைத் தட்டையாக விரித்துப் படம் எடுக்கும். சாரையின் கழுத்து பக்கவாட்டில் ஒடுங்கி மேலும் கீழுமாகப் பருக்கும். பெரிய கண், உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள், இவையும் சாரைக்கு அடையாளம். ஆனாலும் வலைக்குள் முறுக்கிக்கொண்டு கிடக்கும் பாம்பின் அடையாளத்தைத் தூரத்திலிருந்து முடிவு செய்வது ஆபத்து. தலை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வரை விஷப்பாம்பு என்று வைத்துக்கொண்டுதான் எதையும் செய்ய வேண்டும். செத்ததுபோல் கிடக்கும் பாம்பும் கடிக்கும். பயிற்சி இல்லாதவர்கள் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடிக்கூடக் கிட்டப் போகக் கூடாது.

பாம்பு ஏன் வலையில் இப்படி மாட்டிக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அதை ஏன் இழுக்கக் கூடாது என்பதும் புரியும். செதில்கள் எல்லாம் வால் பக்கம் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கின்றன. முன்னால் போகும்போது நூல் செதிலின் மேல் வழுக்கிப் போகும். தலை நுழைந்த கண்ணியில் உடம்பு நுழையாமல் போனதும் பாம்பு பின்வாங்கப் பார்க்கும். அப்போது நூல் செதிலின் விளிம்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்து பக்கத்துக் கண்ணியில் தலையை விட்டுத் தப்பிக்கப் பார்க்கும். ஒவ்வொரு திமிறலுக்கும் நூல் இன்னும் ஆழமாக இறங்கும். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, விலா எலும்புகளை விரித்துத்தான் மூச்சு விடுகிறது. அதனால் இறுகிய நூல் தோலை அறுப்பதோடு மூச்சையும் பிடிக்கிறது.

இந்தப் பாம்பின் உடம்பில் ஐந்து இடங்களில் நூல் வளையமாக இறுகியிருந்தது. அவற்றைத் தோட்டத்திலேயே அறுக்கவில்லை. தலையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழையவிட்டு, குழாயையும் கழுத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் உள்ள வலையை மட்டும் கத்தரித்து, உடம்பில் ஒட்டிய துண்டுகளோடு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தோம். வெயிலில், கூட்டத்துக்கு நடுவில், நெளிகிற உடம்பில் கத்தரியை நுழைப்பதைவிட இது நல்லது. பாம்பு சாரைதான் என்பது உறுதியான பிறகும் பிடி தளரவில்லை. சாரைக்கு விஷம் இல்லை, ஆனால் கடித்தால் நன்றாகவே கிழிக்கும்.

மேசையில்

மையத்தில் நூல்களை ஒவ்வொன்றாக, முனை மழுங்கிய சிறு கத்தரியால் அறுத்தோம். நூலுக்கு அடியில் கத்தரியின் ஒரு அலகை வால் பக்கத்திலிருந்து தலை நோக்கி நுழைத்தால் செதிலுக்கு அடியில் குத்திக்கொள்ளும். தலைப் பக்கத்திலிருந்து வாலை நோக்கி நுழைத்தால் செதிலின் சாய்வோடு வழுக்கிப் போகும். அறுத்த நூலை உருவாமல், இரண்டு மூன்று இடத்தில் வெட்டித் துண்டு துண்டாக எடுத்தோம்.

மூன்று வளையங்கள் செதிலில் தடத்தோடு நின்றுவிட்டன. இரண்டு தோலை அறுத்திருந்தன. முதல் வெட்டு மூக்கிலிருந்து 46 செ.மீ. தள்ளி, தோலோடு முடிந்திருந்தது. இரண்டாவது 78 செ.மீ. தள்ளி, முதுகிலும் இடப் பக்கத்திலும் தசை தெரியும்படி ஆழமாக இருந்தது.

இந்தச் செ.மீ. கணக்கு வெறும் குறிப்புக்காக எழுதுவதல்ல. பாம்பின் உள்ளுறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் அமைந்திருப்பதால், மூக்கு முதல் கழிவாய் வரையுள்ள நீளத்தில் காயம் எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்று பார்த்தால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதயம் சுமார் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருக்கும். அதை ஒட்டி நுரையீரல், பிறகு கல்லீரல், பாதியைத் தாண்டினால் இரைப்பை, அதற்கப்புறம் குடல், கழிவாயை நெருங்கும்போது சிறுநீரகங்கள். முதல் வெட்டு 35 சதவீதத்தில், நுரையீரல் பகுதிக்கு மேல். இரண்டாவது 60 சதவீதத்தில், இரைப்பைக்கு மேல். இந்த இரண்டாவது எண்தான் பின்னாடி தீவனத் திட்டம் முழுவதையும் தீர்மானித்தது.

ஆழமான வெட்டில் செதில்களைக் கவ்வியால் தூக்கிப் பார்த்தபோது, அடியில் ஈ முட்டைகள் வெள்ளையாக, வரிசையாக ஒட்டியிருந்தன. இன்னும் பொரிக்கவில்லை. நல்ல வெளிச்சத்தில், பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியோடு, செதில் செதிலாகத் தூக்கி எடுத்தோம். இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஒரு முட்டையை விட்டாலும் மறுநாள் புழு தசைக்குள் இருக்கும். அறுத்துவிட்டு அப்படியே விட்டிருந்தால் இந்தச் சாரைக்கு அதுதான் நடந்திருக்கும்.

நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பாம்பை மெல்லப் புரட்டி வயிறு மேலே தெரியும்படி வைத்தால், ஆரோக்கியமான உடம்பு தலையிலிருந்து வால் வரை தானாகத் திரும்பிக்கொள்ளும். எந்த இடத்துக்குப் பின்னால் திரும்பாமல் கிடக்கிறதோ அங்கே முதுகெலும்பில் சிக்கல். இந்தப் பாம்பு வால் நுனி வரை திரும்பியது, கழிவாயும் தொட்டதும் சுருங்கியது. எக்ஸ்ரேயில் ஆழ வெட்டின் பக்கம் இரண்டு விலா எலும்புகள் முறிந்திருந்தன, முதுகெலும்பு சரியாக இருந்தது. விலா முறிவுக்குத் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை, பக்கத்து விலாக்களும் தசையும் தாங்கிக்கொள்ளும்.

விலாவில் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே சமன்படவில்லை. வாயில் எச்சில் நூலாகப் பிசுபிசுத்தது. நீர் வற்றியிருந்தது. வலையில் ஒரு நாளாவது கிடந்திருக்க வேண்டும்.

முதல் நாள் செய்ததும் செய்யாததும்

காயம்பட்ட பாம்புக்கு முதல் மருந்து வெப்பம். குளிர்ந்த உடம்பில் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யாது, செலுத்திய மருந்தும் அப்படியே தேங்கி நிற்கும். ஒரு பக்கம் 31 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி இருக்கும்படி பெட்டியைத் தயார் செய்து, எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பாம்பிடமே விட்டோம். உடல் எடை கிலோவுக்கு 20 மி.லி. என்ற கணக்கில் வெதுவெதுப்பான உப்புநீரை, சுமார் 16 மி.லி., பக்கவாட்டில் தோலுக்கடியில் பல இடங்களில் பிரித்துச் செலுத்தினோம்.

நீர் ஏறிய பிறகுதான் வலி மருந்து மெலாக்சிகாம், கிலோவுக்கு 0.2 மி.கி. வற்றிய உடம்பில் அதைக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். நுண்ணுயிர்க்கொல்லியாக செஃப்டாசிடைம், கிலோவுக்கு 20 மி.கி., 72 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஊசிகள் எல்லாம் உடம்பின் முன்பகுதித் தசையில் போட்டோம். பாம்பின் பின்பகுதி ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழியில் சிறுநீரகத்தைத் தொட்டுப் போகக்கூடும் என்பதால் பின்பகுதியைத் தவிர்ப்பது வழக்கம். இந்த அளவுகளை எழுதுவது மருத்துவர்களுக்காக. வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது.

காயத்தை நீர்த்த குளோர்ஹெக்சிடைனில் கழுவி, உப்புநீரில் அலசி, சில்வர் சல்ஃபாடயசின் பூசி, ஒட்டும் படலத்தால் மூடினோம். பாம்புக்கு வலி தெரியாது என்று சொல்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். கத்த முடியாத, முகம் சுளிக்க முடியாத உயிர் அது, அவ்வளவுதான். கழுவும்போது அந்தப் பகுதித் தசை முழுக்க இறுகி விலகியது, வலி மருந்து வேலை செய்த பிறகு அதே தொடுதலுக்கு அப்படி இறுகவில்லை.

அன்று தையல் போடவில்லை. உடன் வேலை செய்த இளம் மருத்துவர் "இப்பவே தைச்சிடலாமே சார், ஓரம் சுத்தமாத்தானே இருக்கு" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஓரம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நூல் இறுக்கிய இடத்தில் ரத்த ஓட்டம் மணிக்கணக்கில் நின்றிருக்கிறது. அந்தத் திசு உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று அன்றைக்கே சொல்ல முடியாது, பாம்பின் உடம்பு எல்லாவற்றையும் மெதுவாகத்தான் வெளியே காட்டும். செத்த திசுவை உள்ளே வைத்துத் தைத்தால் மேலே அழகாக ஆறியதுபோல் தெரிந்து அடியில் சீழ் கட்டும்.

காயம் தன்னை வெளிக்காட்டியபோது

முதல் சில நாட்கள் வெட்டைச் சுற்றி வீக்கம் மட்டும்தான். ஒரு வாரம் முடிவதற்குள் ஆழ வெட்டுக்கு முன்னால் தோல் நிறம் மங்கத் தொடங்கியது. செதில்களுக்கு இடையில் தெரியும் தோல் பழுப்பாகி, வறண்டு, விரலால் தொட்டால் அடியிலுள்ள தசையோடு சேர்ந்து அசையாமல் தனியாக நகர்ந்தது. முதல் நாள் விரற்கடை அகலம்கூட இல்லாத வெட்டு, இப்போது உடம்பின் இடப் பக்கம் பாதியைச் சுற்றிய பட்டை. தடம் மட்டும் பதிந்திருந்த மூன்று வளையங்களில் ஒன்றிலும் செதில்கள் உதிர்ந்தன. வெட்டே விழாத இடம் அது. இறுக்கம் மட்டுமே போதுமானதாக இருந்திருக்கிறது.

செத்த திசுவின் எல்லை தெளிவானதும் அறுவை செய்தோம். வால் ரத்தக்குழாயில் புரோபோஃபோல் செலுத்தி மயக்கி, மூச்சுக்குழாயில் குழாய் வைத்து ஐசோஃப்ளூரேன் மயக்க வாயுவில் தொடர்ந்தோம். பாம்புக்கு மூச்சுத் துவாரம் வாயின் தரையில் முன்னாலேயே இருப்பதால் குழாய் வைப்பது சுலபம். ஆனால் மயக்கத்தில் அது தானாக மூச்சு விடாது, நிமிடத்துக்கு நான்கைந்து முறை நாம்தான் கொடுக்க வேண்டும். இதயத் துடிப்பை டாப்ளர் கருவியில் கேட்டுக்கொண்டே வேலை செய்தோம். செத்த தோலையும் அடியில் மெல்லிய தசைப் படலத்தையும் ரத்தம் கசியும் வரை செதுக்கி எடுத்தோம். விலா உறை உடையவில்லை, உடல்குழி திறக்கவில்லை. அது பெரிய நிம்மதி.

ஊர்வனவற்றின் தோல் விளிம்பு உள்பக்கம் சுருண்டுகொள்ளும் தன்மை உடையது. அப்படியே சேர்த்துத் தைத்தால் வெளித்தோலும் வெளித்தோலும் ஒட்டாமல் நிற்கும். அதனால் விளிம்புகள் வெளியே மடியும்படி தையல் போட்டோம். கீழ்ப் பகுதியில் இழுத்துத் தைக்கத் தோல் போதவில்லை. இறுக்கித் தைப்பதற்குப் பதில் அந்த இடத்தைத் திறந்தே விட்டு, படலத்தால் மூடி, தானாக நிரம்பட்டும் என்று விட்டோம்.

சில வாரங்கள் கழித்து, எந்த வெட்டும் இல்லாத இடத்தில், தையலுக்கு இரண்டு விரல் முன்னால் பட்டாணி அளவில் கெட்டியான கட்டி ஒன்று தட்டுப்பட்டது. பாலூட்டிகளில் சீழ் நீர்த்துப்போகும், ஊசியால் உறிஞ்சலாம், கீறிவிட்டால் வடியும். ஊர்வனவற்றின் வெள்ளணுக்களில் சீழைக் கரைக்கும் நொதிகள் குறைவு என்பதால் அது கட்டியாகவே நிற்கும், மருந்தும் அதற்குள் இறங்காது. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, கீறி, கட்டியை உறையோடு தோண்டி எடுத்துக் கழுவினோம். மாதிரியில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. கொடுத்துக்கொண்டிருந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சோதனை சொன்னதால் மருந்தை மாற்றாமல் நீட்டித்தோம்.

பெட்டி

சாரை பகலில் சுறுசுறுப்பாகத் திரியும் பாம்பு, பயந்த சுபாவம். கண்ணாடித் தொட்டியில் வைத்தால் ஆள் அசையும்போதெல்லாம் கண்ணாடியில் பாய்ந்து மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். சிகிச்சைக்கு வந்த காயம் ஆறி, மூக்குப் புண்ணால் வீணாய்ப்போன பாம்புகள் உண்டு. அதனால் ஒளி புகாத பக்கச்சுவர் உள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி, காற்றுத் துளைகள், சுருண்டு உள்ளே போனால் முதுகும் பக்கமும் சுவரில் படுகிற அளவு மறைவிடம், கவிழாத தண்ணீர்க் கிண்ணம். தரையில் வெறும் காகிதம். மணலும் மரத்தூளும் காயத்தில் ஒட்டும், காகிதத்திலோ ரத்தமோ கழிவோ பட்டால் உடனே தெரியும். வெப்பப் பாய் பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் மட்டும், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு. கட்டுப்பாடு இல்லாத வெப்பப் பாயில் பாம்பு அசையாமல் படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும்.

மருந்து போடவும் கட்டு மாற்றவும் தவிர யாரும் தொடவில்லை. பாசத்தோடு அடிக்கடி திறந்து பார்ப்பதுகூடப் பாம்புக்குத் தொந்தரவுதான். கையுறையும் சோப்பும் கட்டாயம், ஊர்வன நோய் அறிகுறி இல்லாமலே சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும்.

தீவனம்

பாம்பைக் காப்பாற்றியவர் முதலில் கேட்பது "என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?" என்பதுதான். பெரும்பாலும் பதில்: இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். நல்ல உடல்வாகுள்ள வளர்ந்த பாம்பு சில வாரங்கள் சாப்பிடாமல் தாங்கும். நீர் வற்றிய, குளிர்ந்த உடம்பில் இரை செரிக்காமல் அழுகும், அல்லது கக்கிவிடும்.

இங்கே இன்னொரு காரணமும் இருந்தது. தையல் இரைப்பைக்கு நேர் மேலே. முழு எலி ஒன்று உள்ளே போனால் அந்த இடத்தில்தான் போய்த் தங்கும், தோலை விரிக்கும். தையல் பிடித்துக்கொண்டது என்று உறுதியாகும் வரை தண்ணீர் மட்டும். அப்புறம் பெரிய எலிக்குப் பதில், உறையவைத்து இளக்கிய சிறு சுண்டெலிகள், வழக்கமாகத் தின்னக்கூடியதில் பாதிக்கும் குறைவாக. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும், அதனாலும் இந்தச் சிக்கனம். உயிருள்ள எலியை விடவே கூடாது. பலவீனமான பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்.

முதலில் தொடவில்லை. வாயைத் திறந்து திணிக்கவும் நாங்கள் விரும்பவில்லை. பெட்டியை ஆள் நடமாட்டம் இல்லாத அறைக்கு மாற்றி, இரையை மறைவிடத்தின் வாசலில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தோம். மறுநாள் காலை இரை இல்லை. எடை 770 கிராம் வரை இறங்கி, பிறகு மெல்ல ஏறி, விடும்போது 860-ல் நின்றது.

சட்டை உரித்ததும் தையல் பிரித்ததும்

பாம்பின் தையலை ஆறு வாரத்துக்குக் குறையாமல் விட்டுவைப்பது நல்லது, முடிந்தால் ஒரு தடவை சட்டை உரிக்கும் வரை. கண் நீலம் பூத்து, பிறகு தெளிந்து, அடுத்த சில நாட்களில் உரித்தது. காயம்பட்ட பாம்பு வழக்கத்தைவிட அடிக்கடி உரிக்கும். உரித்த சட்டையை விரித்துப் பார்த்தால் காயத்தின் வரலாறு அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் சீரான செதில், ஆழ வெட்டின் மேல் செதிலே இல்லாத வழவழப்பான திட்டு.

அந்தத் தழும்பில் பழைய தோல் ஒரு வளையமாக உரியாமல் ஒட்டியிருந்தது. அதை விட்டுவைத்தால் காய்ந்து இறுகி, நைலான் நூல் செய்த வேலையையே திரும்பச் செய்யும். ஈரத் துணியில் சுற்றி வைத்து, ஊறிய பிறகு தலையிலிருந்து வால் பக்கமாக மெல்லத் தள்ளி எடுத்தோம். அடுத்த முறை உரித்தபோது உதவி இல்லாமலே முழுதாக வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விடுவது பற்றிப் பேசினோம். தழும்புள்ள பாம்பு காட்டில் தானாக உரிக்க வேண்டும், அங்கே ஈரத் துணியோடு யாரும் வரப்போவதில்லை.

விட்ட இடம்

விடுவதற்கு நாங்கள் பார்த்தவை: ஆறிய தோல் உடம்பு வளையும்போது பிளக்காமல் இருக்கிறதா, இயல்பான அளவு இரையைத் தின்று கக்காமல் செரிக்கிறதா, மருந்து நிறுத்திய பிறகு எடை நிற்கிறதா, மரக்கிளையில் ஏறுகிறதா, ஆளைக் கண்டால் பழையபடி சீறுகிறதா. கடைசியாகச் சொன்னதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

"இன்னும் பெரிய காடாப் பார்த்து விடலாமே" என்று பலர் சொன்னார்கள். பாம்புக்குத் தன் இடம் தெரியும். எந்த வளையில் எலி, எங்கே தண்ணீர், குளிருக்கு எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் அதன் நினைவில் இருக்கிறது. அமெரிக்காவில் கிலுகிலுப்பை விரியன்களை வைத்துச் செய்து 1999-ல் வெளியான ஆய்வில், இடம் மாற்றி விடப்பட்டவற்றில் பாதிக்கு மேல் இறந்தன. உள்ளூரிலேயே இருந்தவற்றில் சுமார் ஒன்பதில் ஒன்றுதான் இறந்தது. எனவே வனத்துறைக்குத் தெரிவித்து, பிடித்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், புதர் மண்டிய வரப்பு ஓரத்தில் விட்டோம். இரை செரித்து முடிந்த பிறகு, மழை இல்லாத காலை நேரம். பகலில் திரியும் பாம்பு என்பதால் இருட்டும் முன் ஒதுங்கிடம் தேட அவகாசம் வேண்டும்.

அந்த வலை

பாம்பை விடுவதற்கு முன்பே தோட்டத்துக்காரரோடு உட்கார்ந்து வலையைப் பற்றிப் பேசினோம். அவருக்கு வலை தேவை, இல்லாவிட்டால் பயிர் போய்விடும். சிக்கல் உண்டாக்குவது தரையில் தளர்ந்து கிடக்கும் பகுதிதான், அதிலும் தலை நுழைந்து உடம்பு நுழையாத அளவுக் கண்ணி. வலையின் அடி விளிம்பை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, அதற்குக் கீழே ஒரு விரல்கூட நுழையாத கண்ணியுள்ள கெட்டியான கம்பி வலையைத் தரையில் புதைத்து நிறுத்தச் சொன்னோம். அறுவடை முடிந்ததும் வலையைச் சுருட்டி உள்ளே வைக்கவும் சொன்னோம், மூலையில் போட்டுவைத்த பழைய வலையிலும் பாம்பு இதேபோல் மாட்டும். "எலியைப் பிடிக்கத்தானே அது வந்திருக்கு, அதுக்கு வழி விட்டாத்தான் எனக்கும் நல்லது" என்று சொல்லி, அந்தப் பருவத்திலேயே ஒரு பக்கத்தை மாற்றிவிட்டார். மற்ற மூன்று பக்கங்களிலும் இப்போதைக்கு நைலான் வலையின் அடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்.